ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும், எலும்புதான் ஒட்ட வேண்டும்: முதுகெலும்பில் வைக்கும் உலோகங்களைப் பற்றி

முதுகில் ஆபரேஷன் முடிந்த ஒருவரின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் மனம் கொஞ்சம் பதறத்தான் செய்யும். சாம்பல் நிற எலும்புகளுக்கு நடுவே பளீரென்று நான்கு ஸ்க்ரூக்கள், அவற்றைக் கோத்து இரண்டு கம்பிகள். "பிளேட் வைத்தாகிவிட்டது, இனி முதுகு இரும்பு மாதிரி" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். "உள்ளே உலோகம் இருக்கிறது, இனி குனியவே கூடாது" என்று வேறு சிலர் பயமுறுத்துவார்கள். காலமெல்லாம் முதுகைத் தாங்கப்போவது அந்த உலோகம்தான் என்ற நினைப்பில்தான் இரண்டு பேச்சும் பிறக்கின்றன. அந்த நினைப்பு தவறு. பெரும்பாலான ஆபரேஷன்களில் உலோகத்தின் வேலை, சில மாதங்களுக்கு எலும்பை ஆடாமல் பிடித்துக்கொள்வது. அந்த அவகாசத்துக்குள் எலும்போடு எலும்பு ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் போனால், எவ்வளவு உயர்ந்த உலோகமாக இருந்தாலும் தளரவோ உடையவோ வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

இதைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையின் வரலாறு, கருவிகளின் வடிவம், அவற்றைப் பற்றிய சர்ச்சைகள் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டைத் தவிர, மற்ற ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் முன்பக்கம் மெத்தை போன்ற ஒரு டிஸ்க் இருக்கிறது. பின்பக்கம் இடமும் வலமும் சிறு மூட்டுகள், அவற்றைச் சுற்றித் தசைநார்கள். உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும், வளையவும் திரும்பவும் இடம் கொடுக்க வேண்டும், உள்ளே ஓடும் தண்டுவடத்துக்கும் நரம்புகளுக்கும் கீறல் படாமல் காக்க வேண்டும். ஒரு முள்ளெலும்பு தன் எல்லையைத் தாண்டி நகர ஆரம்பித்தால் இந்த மூன்றும் சேர்ந்தே கெடும். மருத்துவர்கள் "ஸ்டேபிலிட்டி போய்விட்டது" என்று சொல்வது இதைத்தான்.

சரி, அது எப்போது போகும்? விபத்தில் எலும்பு நொறுங்கும்போது, காசநோய் எலும்பை அரிக்கும்போது, புற்றுநோய் பரவி உள்ளீடற்றதாக்கும்போது, ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் முன்னோக்கி நழுவும்போது. வளரும் பிள்ளைகளுக்கு முதுகு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் ஸ்கோலியோசிஸ் இன்னொரு வகை. சில நேரம் மருத்துவரே காரணமாக வேண்டியிருக்கும்: நரம்பை அழுத்தும் எலும்பை நிறைய வெட்டி எடுத்தால், அந்த இடம் பிறகு ஆட்டம் காணும். எலும்பு முறிவில் எது ஆபத்தானது என்று கணிக்க, பிரான்சிஸ் டெனிஸ் 1983ல் ஒரு எளிய வழி சொன்னார். முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகப் பாருங்கள். இரண்டு தூண்கள் போய்விட்டால் அதை நம்பாதீர்கள் என்றார். இன்று வேறு வகைப்பாடுகள் வந்துவிட்டாலும், பாடம் எடுப்பவர்கள் இன்னமும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உலோகத்தால் முதுகைக் கட்டும் முயற்சி பழையது. 1891ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பெர்தோல்ட் ஹாத்ரா என்ற அறுவை மருத்துவர், கழுத்தெலும்பு முறிந்த ஒருவருக்குப் பின்பக்க முட்களை வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். அடுத்த பெரிய திருப்பத்தில் உலோகமே கிடையாது. 1911ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியாக, முதுகெலும்புக் காசநோய்க்கு எலும்பு ஒட்டும் முறையை வெளியிட்டார்கள். ஆல்பி நோயாளியின் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். ஹிப்ஸ் அக்கம்பக்கத்து எலும்பையே சிறு சிறு துண்டுகளாகப் பெயர்த்து மடித்துப் போட்டார். நோக்கம் ஒன்றுதான்: இரண்டு மூன்று முள்ளெலும்புகள் ஒரே எலும்பாகிவிட்டால் அசைவு நிற்கும், வளைவும் நிற்கும். ஆனால் ஒட்டும் வரை அசையாமல் இருக்க வேண்டுமே! அதற்காக மாதக்கணக்கில் பிளாஸ்டருக்குள் படுத்துக் கிடந்தார்கள். அப்படிக் கிடந்தும் பலருக்கு ஒட்டவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் பால் ஹாரிங்டன். 1940களின் கடைசியில் ஹூஸ்டன் நகரில் போலியோ தாக்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தசைகள் செயலிழந்து முதுகு வளைந்துகொண்டே போகும். பிளாஸ்டர் போட்டு நிமிர்த்தலாம் என்றால், மூச்சுவிடவே சிரமப்படும் குழந்தையின் நெஞ்சை இறுக்கிக் கட்ட முடியாது. அதனால் உள்ளேயே ஒரு கம்பியை வைத்தார். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் பற்கள் வெட்டிய எஃகுக் கம்பி. ஜாக்கி வைத்துத் தூக்குவதுபோல வளைவை நிமிர்த்தியது அது. ஆரம்பத்தில் அவர் எலும்பை ஒட்ட வைக்கவில்லை; கம்பி போதும் என்று நினைத்தார். கொக்கிகள் கழன்றன, கம்பிகள் உடைந்தன. பிறகுதான் கம்பியோடு எலும்பு ஒட்டும் முறையையும் சேர்த்தார். 1962ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு ஹாரிங்டன் கம்பி உலகம் முழுவதும் பரவியது. கருவி உடைவதற்கும் எலும்பு ஒட்டுவதற்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று இந்தத் துறையில் இன்றும் சொல்லும் பேச்சு, அவர் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

அந்தக் கம்பிக்கு ஒரு குறையும் இருந்தது. முதுகைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இயல்பாகவே வளைவுகள் உண்டு. கீழ்முதுகு உள்நோக்கிக் குழிந்திருக்கும். இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்து நீட்டியதில் அந்தக் குழிவு தட்டையானது. பல வருடம் கழித்து, நேராக நிற்க முடியாமல் முன்னோக்கிச் சாய்ந்து நடக்கும் நிலை பலருக்கு வந்தது. எக்ஸ்ரேயில் முன்னிருந்து பார்க்கும்போது நேராக இருப்பது மட்டும் போதாது என்பதைத் துறை கற்றுக்கொண்டது இப்படித்தான், நோயாளிகளின் உடம்பில். மெக்சிகோவின் எடுவார்டோ லூக்கே 1970களில் ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனி மெல்லிய கம்பியால் ராடோடு, அதாவது நீளமான தடித்த கம்பியோடு, கட்டி, பாரத்தைப் பங்கிட்டார். பிரான்ஸின் ஈவ் கோத்ரேலும் ஜான் துபுஸேயும் 1980களின் தொடக்கத்தில் முறுக்கையும் சேர்த்துத் திருத்தும் இரட்டைக் கம்பி முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் இன்று எக்ஸ்ரேயில் நாம் பார்க்கும் காட்சிக்குக் காரணமானவர் பாரிஸ் மருத்துவர் ரேமோன் ருவா-கமீ. 1963ல் அவர் பெடிக்கிள் வழியாக ஸ்க்ரூ போட ஆரம்பித்தார்.

பெடிக்கிள் என்பது முள்ளெலும்பின் பின்பக்க வளையத்தையும் முன்பக்க உருளையையும் இணைக்கும் குட்டையான எலும்புக் காம்பு. பின்பக்கத்திலிருந்து இந்தக் காம்பு வழியாக ஸ்க்ரூவைச் செலுத்தினால் அது முன்பக்க உருளை வரை போகும். அதாவது முதுகில் போட்ட ஒரே கீறல் வழியாக டெனிஸ் சொன்ன மூன்று தூண்களையும் ஒரே பிடியில் பிடித்துவிடலாம். கொக்கியாலும் கட்டுக்கம்பியாலும் இது முடியாது. அவை பின்தூணோடு நின்றுவிடும். ஸ்க்ரூவின் பிடிமானத்தில் பெரும்பங்கு இந்தக் காம்பின் கெட்டியான சுவரில்தான் கிடைக்கிறது. முன்னால் உள்ள உருளை உள்ளே பஞ்சுபோன்றது, அங்கே பிடி குறைவு.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காம்புக்கு உள்பக்கம் தண்டுவடக் கால்வாய், கீழ்விளிம்பை உரசிக்கொண்டு நரம்பு வேர். கீழ்முதுகில் வழக்கமாகப் போடும் ஸ்க்ரூ 6.5 மில்லிமீட்டர் தடிமன், 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளம். அங்கே காம்பு அகலமானது. மார்புப் பகுதியின் நடுவிலோ பலருக்கு அது 4, 5 மில்லிமீட்டர்தான். எலும்புக்குள் துளையிட்டு, குமிழ் முனைக் கம்பியால் நான்கு சுவரையும் அடியையும் தடவிப் பார்த்து, எங்கும் ஓட்டை விழவில்லை என்று விரல்நுனியில் உணர்ந்த பிறகுதான் ஸ்க்ரூ உள்ளே போகும். ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே, கம்ப்யூட்டர் வழிகாட்டல், 2000களின் நடுவிலிருந்து ரோபோ என்று துணைகள் வந்திருக்கின்றன. வளைவைத் திருத்தும் பெரிய ஆபரேஷன்களில் நரம்புகளின் மின்சைகைகளை நொடிக்கு நொடி கண்காணிக்கிறார்கள். துணைகள் எத்தனை வந்தாலும், எலும்பைத் தொட்டுப் பழகிய கைக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை.

ஸ்க்ரூவின் தலை எந்தப் பக்கமும் சாயும்படி அமைத்திருப்பார்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நேர்கோட்டில் அமையாது என்பதால் இந்த ஏற்பாடு. அந்தத் தலைகளுக்குள் சுமார் 5.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடைப் படுக்கவைத்து, மேலே ஒரு சிறு மூடி ஸ்க்ரூவால் இறுக்கினால் மொத்தமும் ஒரே சட்டமாகிவிடும். ராடை முன்கூட்டியே நோயாளியின் இயல்பான குழிவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வார்கள். ஹாரிங்டன் காலத்துத் தட்டை முதுகு தந்த பாடம் அது.

கழுத்து தனி உலகம். தலையைத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் நடக்கிறது. அந்த மூட்டு ஆடினால் உயிருக்கே ஆபத்து. அதன் பக்கத்திலேயே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுவதால், முன்பெல்லாம் கம்பியால் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். மும்பையின் அதுல் கோயல் 1994ல் இரண்டு எலும்புகளிலும் தனித்தனி ஸ்க்ரூ போட்டுத் தகட்டால் இணைக்கும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸ் 2001ல் தகட்டுக்குப் பதில் ராடைப் பயன்படுத்தினார். இருவர் பெயரையும் சேர்த்தே அந்த முறை இன்று வழங்குகிறது.

இனி முன்பக்கத்துக்கு வருவோம். நிற்கும்போது முதுகெலும்பில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் முன்பக்க உருளைகள் வழியாகத்தான் போகிறது. எலும்பு அழுத்தத்தில் வளரும், அழுத்தம் இல்லாத இடத்தில் மெலியும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892லேயே எழுதியிருந்தார். அப்படியானால் ஒட்ட வேண்டிய எலும்பை வைக்கச் சரியான இடம், டிஸ்க் இருந்த இடம்தான். ஆனால் வெறும் எலும்புத்துண்டை வைத்தால் பாரத்தில் நசுங்கிவிடும். அதற்கு வந்த விடைதான் கேஜ், அதாவது கூண்டு. இது குதிரைகளிடமிருந்து வந்தது என்றால் நம்புவது கடினம். கழுத்து நரம்பு அழுத்தத்தால் தள்ளாடும் பந்தயக் குதிரைகளுக்காக ஜார்ஜ் பாக்பி என்ற அமெரிக்க மருத்துவர் துளைகளுள்ள எஃகு உருளை ஒன்றைச் செய்து, அதற்குள் எலும்புத்தூளை அடைத்துக் கழுத்தில் பொருத்தினார். அதிலிருந்து உருவான மனிதர்களுக்கான கேஜ் 1996ல் அமெரிக்க அனுமதி பெற்றது. கேஜ் இடைவெளியைத் தாங்கும். துளைகள் வழியாக மேலும் கீழும் எலும்பு வளர்ந்து இணையும். இதை முதுகின் பின்பக்கம், விலாப்பக்கம், வயிற்றுப்பக்கம் என எந்த வழியாகவும் வைக்கலாம்.

எந்தப் பொருளில் செய்கிறார்கள் என்பதிலும் இதே எலும்புக் கணக்குதான். எஃகின் விறைப்பு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியம் கலவையினுடையது 110, கெட்டி எலும்பினுடையது 20க்கும் கீழே. சட்டம் ரொம்பவும் விறைப்பாக இருந்தால் பாரத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். எலும்புக்கு வேலை இல்லாமல் மெலியும். டைட்டானியம் எஃகைவிட எலும்புக்கு நெருக்கம். காந்தம் இழுக்காததால் பிறகு எம்ஆர்ஐ எடுக்கவும் தடையில்லை, படம் உலோகத்தைச் சுற்றிக் கொஞ்சம் கலங்குமே தவிர. பீக் என்ற பிளாஸ்டிக் வகையின் விறைப்பு 4 கிகாபாஸ்கல் அளவுக்குத்தான் வரும், எக்ஸ்ரேயில் மறைக்காது, உள்ளே எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் அதன் மேல் எலும்பு பிடிக்காது. டைட்டானியத்தின் மேல் பிடிக்கும். அதனால்தான் இப்போது முப்பரிமாண அச்சில் கடற்பஞ்சு போன்ற துளைகளோடு டைட்டானியக் கேஜ்களைச் செய்கிறார்கள்.

ஒட்டுவதற்கான எலும்பை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுப்பது பழைய வழக்கம், இன்றும் அதுதான் அளவுகோல். எடுத்த இடத்தில் வலி பல மாதம் நிற்கும் என்பதால் மாற்று தேடினார்கள். எலும்பை வளரத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965ல் காட்டியிருந்தார். அதைச் செயற்கையாக உற்பத்தி செய்து, 2002ல் கீழ்முதுகுக் கேஜோடு பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதித்தது. அனுமதி இல்லாத இடங்களிலும் அதைப் போட ஆரம்பித்தார்கள். கழுத்தில் போட்டபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. 2008ல் அரசு எச்சரிக்கை விட வேண்டி வந்தது. நல்ல கண்டுபிடிப்பு, அவசரமான பயன்பாடு.

உலோகம் உடைவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கம்பியை ஓங்கி அடித்தால் உடையாது. இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் உடையும். நாம் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் ராடுக்கு அப்படி ஒரு சிறு வளைவு. அதனால் ஆய்வகத்தில் இந்தச் சட்டங்களை இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளில் பூட்டி, நடுவில் எலும்பே இல்லாதது மாதிரி இடைவெளி விட்டு, 50 லட்சம் முறை அழுத்திச் சோதிக்கிறார்கள். எலும்பு ஒட்டிவிட்டால் பாரம் அதற்கு மாறி, ராடு கிட்டத்தட்ட ஓய்வு பெறும். ஒட்டாவிட்டால் அடிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் ஸ்க்ரூ போட்டால் எலும்பு நன்றாக ஒட்டும், எலும்பு ஒட்டினால் வலி போகும் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நிதானம் தேவை. 1997ல் வெளியான ஒரு ஆய்வில், முள்ளெலும்பு நழுவி நரம்பு நெருக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்க்ரூவோடும் மற்றவர்களுக்கு ஸ்க்ரூ இல்லாமலும் எலும்பை ஒட்ட வைத்தார்கள். ஸ்க்ரூ போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஒட்டியது, போடாதவர்களில் 45 சதவீதம் பேருக்கு. ஆனால் இரண்டு வருட முடிவில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. 2004ல், ஸ்க்ரூ போடாத குழுவினரை நீண்ட காலத்துக்குப் பிறகு திரும்பப் பார்த்தபோது, எலும்பு ஒட்டியவர்களில் 86 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். ஒட்டாதவர்களில் 56 சதவீதம் பேர்தான். ஒட்டுவதன் பலன் தாமதமாகத்தான் தெரிகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வயதானவர்களுக்கு வரும் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கத்துக்கு, நரம்பை விடுவிப்பதோடு நிறுத்துவதா, ஸ்க்ரூவும் போட்டு ஒட்டுவதா என்று ஸ்வீடனில் 247 பேரிடம் ஒப்பிட்டு 2016ல் வெளியிட்டார்கள். சேர்த்து ஒட்டியதால் கூடுதல் பலன் இல்லை. நார்வே ஆய்வு 2021ல், ஒரே இடத்தில் நழுவல் உள்ளவர்களுக்கும், நரம்பை விடுவிப்பது மட்டுமே, சேர்த்து ஒட்டுவதைவிடக் குறைந்ததல்ல என்று காட்டியது. வெறும் நாள்பட்ட முதுகுவலிக்கு ஒட்டுவதைத் தீவிர உடற்பயிற்சியோடு ஒப்பிட்ட 2005 பிரிட்டிஷ் ஆய்வு, ஆபரேஷனுக்குத் தெளிவான மேன்மை எதையும் காணவில்லை. எலும்பு நொறுங்கியவருக்கும், கட்டி அரித்தவருக்கும், வளைவு முற்றிய பிள்ளைக்கும் இந்தக் கருவிகள் வாழ்க்கையைத் திருப்பித் தருகின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எம்ஆர்ஐயில் ஒரு டிஸ்க் கறுத்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்க்ரூ போடச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இரண்டு முள்ளெலும்புகள் ஒன்றாகிவிட்டால் அவற்றின் அசைவுப் பங்கை மேலும் கீழும் உள்ள மூட்டுகள் சுமக்கின்றன. கழுத்தில் ஒட்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த 1999 ஆய்வு, ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்கு அடுத்த மூட்டில் புதிய தொல்லை வந்ததாகக் கணக்கிட்டது. அது ஒட்டியதால் வந்ததா, வயதால் வந்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அசைவை விட்டுவைக்கும் கருவிகளுக்கான தேடல் இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. செயற்கை டிஸ்க் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் 1980களில் உருவானது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பியூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர். முதுகின் அசைவை அவரைவிட உடம்பால் அறிந்த மருத்துவர் இருந்திருக்க முடியாது. செயற்கை டிஸ்க் எல்லோருக்கும் ஆகாது: பின்மூட்டுகள் நன்றாக இருக்க வேண்டும், எலும்பு நழுவியிருக்கக் கூடாது, எலும்புத் தேய்மானமும் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் ராடு, வளைவின் வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் நாடா என்று புது வகைகளும் வந்திருக்கின்றன.

கருவியைவிட எனக்குக் கவலை தருவது அது போய் உட்காரும் எலும்பு. அடர்த்தி குறைந்த எலும்பில் ஸ்க்ரூ, நனைந்த மண்ணில் நட்ட கம்பம் மாதிரி மெல்ல ஆடி ஆடிக் குழியைப் பெரிதாக்கும். பக்கவாட்டில் துளையுள்ள ஸ்க்ரூ வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்துவது, இன்னும் இரண்டு முள்ளெலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்பே எலும்பு அடர்த்தியைச் சோதித்து மருந்து கொடுப்பது இவற்றைவிட நல்லது. புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாக நிரூபணமான ஒன்று; முடிந்தால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கிருமித்தொற்று பயமும் சேரும். உலோகத்தின் மேல் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி ஒளிந்துகொண்டால் மருந்து எளிதில் எட்டாது. மீண்டும் திறந்து கழுவ வேண்டியிருக்கும், சில சமயம் உலோகத்தையே எடுக்க வேண்டியிருக்கும்.

எலும்பு நன்றாக ஒட்டிய பிறகு ஸ்க்ரூக்களை எடுக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தொற்று, உடைவு, தோலுக்கடியில் உறுத்தல் போன்ற காரணம் இல்லையென்றால் பெரும்பாலும் எடுப்பதில்லை, உள்ளேயே இருந்துவிடும். அப்புறம் பார்க்க வேண்டியது ஸ்க்ரூவை அல்ல. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எடுக்கும் படங்களில், கேஜுக்கு உள்ளேயும் அதைச் சுற்றியும் மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்புக்கு ஒரு பாலம் விழுந்திருக்கிறதா, ஸ்க்ரூ தளர்வதைக் காட்டும் கறுப்பு வளையம் ஏதும் அதைச் சுற்றித் தெரிகிறதா என்று மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள்.